நிலைத்த நிலமும் நடந்த நிலமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழா மேடையில் நிலவியல் பேசப்படுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், பாட்டுக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் என வகுத்தது தொல்காப்பியம். நிலத்தை முதலாகக் கொண்டு பாடிய மரபினர்க்கு, அந்நிலம் எவ்வாறு உருவாயிற்று, இன்றும் எவ்வாறு உருவாகி வருகிறது என்னும் செய்தி அயலான செய்தி ஆகாது.

தமிழில் நிலம் என்பது நிலைபேற்றின் பெயர். 'நில்' என்னும் வேரோடு அச்சொல்லைப் பொருத்திப் பொருள் காண்பார் உண்டு. பொறையுடைமைக்கு உவமை தேடிய வள்ளுவருக்கு நிலமே கைகொடுத்தது. பொறுமைசாலியைப் பூமாதேவி என்று சொல்வது இன்றும் நாட்டு வழக்கு. அத்தகைய நிலம் நிற்பதில்லை. ஆண்டுக்குச் சில செ.மீ. வீதம், விரல் நகம் வளரும் வேகத்தில், ஓயாது நகர்கிறது என்று கண்டது 20ஆம் நூற்றாண்டு. அக்கண்டுபிடிப்பு மலையையும் எரிமலையையும் நிலநடுக்கத்தையும் ஒரே நூலில் கோத்தது. தமிழ்க் கவிஞர்கள் நெடுநாள் நெஞ்சில் சுமந்துவந்த ஒரு கேள்விக்கும் அது விடை வைத்திருக்கிறது. அவ்விடை எளிதில் ஏற்கத்தக்கதன்று. எனவே, அதற்குச் செல்லும் வழியை முதலில் நடந்து பார்ப்பது நலம்.

ஓராண்டு, இருவேறு பயணங்கள்

1912 சனவரி 6ஆம் நாள், செருமனியின் பிராங்க்பர்ட் நகரில், ஆல்பிரட் வெகனர் என்னும் 31 அகவை இளைஞர் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் நிலவியலார் அல்லர். வானியலில் முனைவர் பட்டம் பெற்று, வானிலை ஆய்வில் ஈடுபட்டவர். இன்று தனித்தனியே கிடக்கும் கண்டங்கள் முன்னொரு காலத்தில் ஒன்றாய் இருந்து, பின்னர்ப் பிரிந்து விலகின என்பது அவர் துணிபு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் பொருந்துவதைப் பலர் அதற்கு முன்பே பார்த்திருந்தனர். வெகனர் கரைகளோடு நிற்கவில்லை. பாறைகளையும் புதைபடிவங்களையும் ஒப்பிட்டார். கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளைச் சேர்க்கும்போது ஓரங்கள் பொருந்துவதோடு, அச்சடித்த வரிகளும் தொடர்ந்து ஓடுமாயின், அவை ஒரே தாளே என்பதில் ஐயம் ஏது என்பது அவர் காட்டிய ஒப்புமை.

அதே ஆண்டு பிப்ரவரியில், பூமியின் தென்கோடியில் ஐவர் திரும்பி வந்துகொண்டிருந்தனர். இராபர்ட் ஸ்காட்டும் அவருடைய தோழரும் தென்துருவத்தை அடைந்தபோது, அமுந்செனின் குழு முந்திக்கொண்டதைக் கண்டு மனம் உடைந்தவர்கள். பசியும் பனிப்புண்ணும் வாட்டிய அந்நிலையிலும், பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் நின்று பாறைத் துண்டுகளைத் திரட்டினர். அவர்களுள் எவரும் உயிருடன் திரும்பவில்லை. நவம்பரில் தேடிச் சென்றோர் கூடாரத்தில் மூவரின் உடலைக் கண்டனர். அருகில் ஏறத்தாழ 16 கிலோ பாறைகள் இருந்தன. நடக்கவும் வலுவற்றவர்கள் அச்சுமையைக் கடைசிவரை எறியாது இழுத்து வந்திருந்தனர்.

அப்பாறைகளில் பதிந்திருந்தது குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலை. நாக்கு வடிவிலான அவ்விலை இந்திய நிலக்கரிப் படிவங்களில் கிடைக்கும். தென் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் கிடைக்கும். இப்போது பனி மூடிய அண்டார்டிக்காவிலும் கிடைத்துவிட்டது. பெருங்கடல்களைத் தாண்டிப் பரவுதல் அத்தாவரத்திற்கு இயலாது. நிலங்கள் ஒன்றாய் இருந்தன என்பதற்கு, உயிரைக் கொடுத்துச் சுமந்துவந்த சான்று அது.

இருந்தும் வெகனர் ஏற்கப்படவில்லை. கண்டங்களை நகர்த்தும் ஆற்றல் எது என்று வினவியபோது அவர் சொன்ன விடை போதவில்லை. புவிச் சுழற்சியின் விசையும் ஓத விசையும் மலைகளை எழுப்பப் போதா என்று கணக்கிட்டுக் காட்டினர் எதிர்த்தோர். 1928இல் ஆர்தர் ஹோம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், பூமியின் உள்ளே வெப்பத்தால் பாறையே மெல்லச் சுழன்று எழுந்து அமிழலாம், அவ்வோட்டம் கண்டங்களைச் சுமந்து செல்லலாம் என்று கூறினார். அதைக் கேட்டோரும் சிலரே. 1930 நவம்பரில், 50 அகவை நிறைந்த சில நாள்களில், கிரீன்லாந்தின் பனிவெளியில் வெகனர் இறந்தார். நடுப்பனி நிலையத்தில் இருந்த தோழர்க்கு உணவுப்பொருள் கொண்டுசென்று திரும்பிய வழியில் நேர்ந்த இறப்பு அது. மறு ஆண்டு உடலைக் கண்டவர்கள் அதைப் பனியிலேயே அடக்கம் செய்தனர்.

ஆழ்கடலை வரைந்த பெண்

விடை கடலுக்கு அடியில் இருந்தது. அதை முதலில் கண்டவர் கடலுக்குச் செல்ல இசைவு பெறாத ஒரு பெண்மணி.

அமெரிக்காவின் லாமாண்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய மேரி தார்ப், கணிதமும் நிலவியலும் கற்றவர். பெண்கள் ஆய்வுக் கப்பலில் ஏறக்கூடாது என்பது அக்கால வழக்கம். எனவே, புரூஸ் ஹீசன் முதலிய ஆடவர் கப்பலில் சென்று எதிரொலிக் கருவியால் ஆழங்களை அளந்து அனுப்பினர். தார்ப் மேசையருகே அமர்ந்து அவ்வெண்களை வரைபடமாக்கினார். 1952இல் தொடங்கிய அப்பணியில் அட்லாண்டிக் கடலின் நடுவே நெடுமலை ஒன்று உருப்பெற்றது. அம்மலையின் முகட்டை ஒட்டி ஆழமான பிளவு ஒன்று வரைபடம்தோறும் ஒரே இடத்தில் தலைகாட்டிற்று. நிலம் அங்கே பிளந்து விலகுகிறது என்றார் தார்ப். "பெண்பிள்ளைப் பேச்சு" என்று ஹீசன் அதைத் தள்ளினார்.

பக்கத்து மேசையில் வேறொருவர் கடலடி நிலநடுக்கங்கள் தோன்றிய இடங்களைப் புள்ளியிட்டுக் கொண்டிருந்தார். இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கொளியில் பார்த்தபோது, நடுக்கப் புள்ளிகள் யாவும் தார்ப் வரைந்த பிளவின் வழியே வரிசையாக விழுந்தன. ஹீசன் வாயடைத்தார். பின்னர், அம்மலைத்தொடர் ஒரு கடலோடு நில்லாமல் எல்லாப் பெருங்கடல்களிலும் தொடர்ந்து, 60,000 கி.மீ.க்கு மேல் பூமியைச் சுற்றி ஓடுவது தெரியவந்தது. அதை அறிவித்த தொடக்கக் கட்டுரைகள் பலவற்றில் தார்ப்பின் பெயர் இடம்பெறவில்லை. 1977இல் வெளிவந்த உலகக் கடலடி வரைபடத்தில்தான் அவர் உழைப்பின் முழு உருவை உலகம் கண்டது.

புவிக்கவிதை

தார்ப் கண்ட பிளவுக்குப் பொருள் கூறியவர் ஹாரி ஹெஸ். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலை நடத்தியபோதே, எதிரொலிக் கருவியை நிறுத்தாமல் இயக்கிப் பசிபிக்கின் ஆழத்தை அளந்து வந்த பேராசிரியர் அவர். பூமிக்குள்ளிருந்து எழும் பொருள் நடுக்கடல் மலைமுகட்டில் புதிய தரையாகிறது. அத்தரை இருபுறமும் விலகுகிறது. தொலைவில் ஆழ்கடல் அகழிகளில் மீண்டும் பூமிக்குள் அமிழ்கிறது. இக்கருத்தை அவர் 1962இல் வெளியிட்டார். போதிய சான்று அப்போது அவர் கையில் இல்லை. அதை மறைக்காமல், தம் கட்டுரையைப் 'புவிக்கவிதை' எனக் கொள்ளுமாறு முன்னுரைத்தார். கவிஞர் நிறைந்த அவையில் இச்சொல் நின்று நோக்கத்தக்கது. கவிதை என்று பெயரிட்டதோடு ஹெஸ் அமையவில்லை. அது சோதிக்கப்பட வேண்டும் என்றும் விரும்பினார்.

சோதனை அடுத்த ஆண்டே வந்தது. உருகிய பாறை இறுகும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அந்நேரத்துக் காந்தத் திசையைத் தம்முள் பதித்துக்கொள்ளும். பூமியின் காந்தத் துருவங்களோ நெடுங்கால இடைவெளிகளில் தலைகீழாக மாறும் இயல்புடையவை. கடலடித் தரை முகட்டில் பிறந்து இருபுறமும் விலகுவது உண்மையாயின், இம்மாற்றங்கள் முகட்டின் இருமருங்கும் ஒத்த பட்டைகளாகப் பதிந்திருக்க வேண்டும். 1963இல் பிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும் இதனை வெளியிட்டனர். கனடாவின் லாரன்ஸ் மோர்லி அதே கருத்தைத் தாமாகவே கண்டு எழுதிய கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. வைனும் மாத்யூசும் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் தலையாயது இந்தியப் பெருங்கடலின் வடமேற்கே உள்ள கார்ல்ஸ்பர்க் மலைமுகட்டில் அளந்த அளவை. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட கடல் அது. இச்செய்தி பின்னர் மீண்டும் தேவைப்படும்.

1967, 1968ஆம் ஆண்டுகளில் டான் மெக்கென்சி, ஜேசன் மார்கன், சேவியர் லெ பிஷோன் முதலியோர் இவற்றை ஒரே கோட்பாடாக்கினர். புவித்தட்டுக் கோட்பாடு என்று இன்று வழங்குவது அதுவே.

தட்டுகளும் தணலும்

அக்கோட்பாட்டின்படி, பூமியின் புறப்பகுதி ஒரே ஓடன்று. ஏறத்தாழ 100 கி.மீ. தடிப்புள்ள ஏழு பெருந்தட்டுகளும் பல சிறு தட்டுகளும் சேர்ந்த தொகுதி அது. கண்டங்கள் அத்தட்டுகளின் மேல் ஏறிச் செல்லும் பயணிகள். ஒவ்வொரு தட்டும் பெரும்பாலும் குலையாமல் நகர்கிறது, ஆரவாரமெல்லாம் ஓரங்களில்தான். இரு தட்டுகள் தம்முள் செய்யக்கூடியவை மூன்று: விலகலாம், மோதலாம், உரசிச் செல்லலாம். உரசும் இடத்தில் நிலநடுக்கம் உண்டு, எரிமலை இல்லை. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நடுக்கம் அவ்வகையது. விலகும் இடத்திலும், ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடத்திலும் எரிமலைகள் பிறக்கின்றன.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். பூமியின் மேலோட்டுக்குக் கீழே நெருப்புக் கடல் ததும்புகிறது, ஓட்டை கிடைத்த இடத்தில் அது பீறிடுகிறது எனப் பலர் கருதுவர். கவிதைகளிலும் அவ்வாறே வரும். மேலோட்டுக்குக் கீழே 2,900 கி.மீ. ஆழம் வரை உள்ள பகுதியைக் கவசம் என்பர். அது மிகச் சூடான பாறை. ஆயினும் திண்ணிய பாறை. கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால்தான் மெழுகு போல் இளகி ஓடும். ஆகவே எரிமலையைப் பற்றிய சரியான கேள்வி, திண்ணிய பாறை எங்கே, ஏன் உருகுகிறது என்பதே. அதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, அழுத்தம் குறைதல். மூடி இறுகிய பிரஷர் குக்கருக்குள் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதித்து ஆவியாகிவிடாமல் அடங்கியிருக்கும். அழுத்தத்தைச் சட்டென விடுவித்தால் பொங்கும். அதுபோல், ஆழத்தில் பாறையை உருகவிடாமல் வைத்திருப்பது மேலிருந்து அழுத்தும் சுமை. தட்டுகள் விலகும் இடத்தில் கவசப் பாறை மேலெழுகிறது, சுமை குறைகிறது, வெப்பம் கூடாமலேயே அதில் ஒரு பங்கு உருகுகிறது. நடுக்கடல் மலைமுகடு நெடுகிலும் இது நிகழ்கிறது. பூமியின் எரிமலைக் குழம்பில் பெரும்பங்கு இவ்வாறு கடலடியில், மனிதர் கண் படாமல் சுரக்கிறது. அம்முகடு நீர்மட்டத்துக்கு மேல் தலைதூக்கிய இடம் ஐஸ்லாந்து.

இரண்டாவது, நீர் சேர்தல். குல்பி செய்வோர் பனிக்கட்டியோடு உப்பைச் சேர்ப்பர். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். பாறைக்கு நீர் அத்தகையது. கடலடித் தட்டு அமிழும்போது நெடுநாள் உறிஞ்சிய நீரையும் உடன்கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் அந்நீர் பிழியப்பட்டு, மேலுள்ள கவசத்தில் ஏறுகிறது, பாறை உருகுகிறது. இக்குழம்பு பிசுக்கு மிக்கது, நீராவியும் வளிகளும் செறிந்தது. எனவே வெடிக்கிறது. பசிபிக்கைச் சுற்றிய நெருப்பு வளையமும் சுமத்ரா, சாவகத் தீவுகளின் எரிமலை வரிசையும் இவ்வகையின. 1883 ஆகத்தில் கிரகடோவா வெடித்தபோது 36,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வோசை 4,800 கி.மீ. தொலைவில் உள்ள ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கம் போல் கேட்டது. அதே வரிசையின் வடக்கு நீட்சியில் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு, இந்திய நாட்டில் உயிரோடுள்ள எரிமலை. 1832க்குப் பின் அடங்கிக் கிடந்த அது, 1991இல் மீண்டும் விழித்தது.

மூன்றாவது, தட்டின் ஓரத்தைச் சாராத வெப்பப்புள்ளி. ஆழத்திலிருந்து எழும் வெப்பத்தூண் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க, மேலே தட்டு நகர்கிறது. எரியும் மெழுகுவத்தியின் மேல் துணியை மெல்ல இழுத்தால் வரிசையாகக் கருகிய புள்ளிகள் விழுவது போல், எரிமலைகள் வரிசையாகப் பிறக்கின்றன. ஹவாய்த் தீவுகள் இவ்வாறு பிறந்தவை என 1963இல் கூறினார் துசோ வில்சன்.

ஒரு நிலத்தின் பயணம்

இம்மூன்று செயல்களையும் ஒரே நிலத்தின் வரலாற்றில் காண விரும்புவோர் இந்தியாவை நோக்கினால் போதும். அண்டார்டிக்கா, ஆத்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மடகாசுகர், இலங்கை ஆகியவற்றோடு இந்தியா ஒட்டியிருந்த பெருநிலத்தைக் கோண்டுவானா என்பர். பறங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கருநீலச் சாயல் கொண்ட பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கு அண்டார்டிக்காவிலும் இலங்கையிலும் மடகாசுகரிலும் அதே குடும்பத்துப் பாறைகள் உள்ளன. வெகனர் சொன்ன செய்தித்தாளின் வரிகள் அவை.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிக்காவை விட்டு விலகியது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரைப் பிரிந்தது. வடக்கு நோக்கிய பயணத்தில் ரீயூனியன் வெப்பப்புள்ளியின் மேலாகக் கடந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கொட்டிய எரிகுழம்பு தக்காணத்தில் இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடியுள்ளது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்த இறுகிய குழம்பில்தான். தட்டு மேலும் நகர, அவ்வெப்பத்தின் சுவடு இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகளின் அடித்தளமாய்த் தெற்கே தொடர்ந்து, மொரீசியசைப் படைத்து, இன்று ரீயூனியன் தீவின் எரிமலையாக எரிகிறது. மொரீசியசிலும் ரீயூனியனிலும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் வாழ்ந்து, முருகனுக்குக் காவடி எடுத்து வருகின்றனர். தக்காணத்தை வார்த்த நெருப்பும் தமிழகத்தை விட்ட மக்களும் ஒரே சிறு தீவில் கூடியிருப்பது நிலநூல் காட்டும் வியப்புகளுள் ஒன்று.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியது. இடைப்பட்ட கடலின் தரை மடிந்து எழுந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறை கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை என்பது அதற்குச் சான்று. மோதல் ஓயவில்லை, 2015இல் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேரைக் கொண்ட நிலநடுக்கம் அதன் தொடர்ச்சியே.

இலெமூரியா

இப்போது அந்தக் கேள்விக்கு வருதல் தகும். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், லெமூர் என்னும் விலங்கினம் மடகாசுகரிலும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதைக் கண்டு, இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதினார்; அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். நிலம் நகரும் என்று அறியாத காலத்தில் அது நேர்மையான ஊகம். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரத்தில் படித்திருந்த தமிழறிஞர், கடல் கொண்ட 49 நாடுகளை அடியார்க்குநல்லார் உரையில் கண்டிருந்த தமிழறிஞர், தம் மரபும் அன்றைய அறிவியலும் ஒரே செய்தியைச் சொல்வதாகக் கொண்டு மகிழ்ந்தனர். மேலைநாட்டார் வாயிலிருந்து வந்த சான்றை ஏற்றதில் குற்றம் ஏதுமில்லை. அன்றைய அறிவு அவ்வளவே. பின்னர் வந்த கவிஞர் அதை ஏக்கமாகவும் பெருமிதமாகவும் பாடினர்.

ஆயின், நிலங்களே பிரிந்து நகர்ந்தன என்று தெரிந்ததும், விலங்குகளின் உறவை விளக்க மூழ்கிய கண்டம் வேண்டாததாயிற்று. மேலும், கண்டப் பாறை எடை குறைந்தது. மரக்கட்டை நீரில் மிதப்பது போல் அது கவசத்தின் மேல் மிதக்கிறது. பெருங்கண்டம் ஒன்று நான்கைந்து கி.மீ. ஆழத்துக்கு அமிழ்ந்து மறைதல் இயலாது. இலெமூரியா கிடந்ததாகக் கருதப்பட்ட அதே கடலில்தான் வைனும் மாத்யூசும் காந்தப் பட்டைகளைப் படித்தனர். அத்தரை முகட்டில் புதிதாய்ப் பிறந்த கடலடிப் பாறை. செய்செல்சு தீவுகளின் கருங்கல்லும், மொரீசியசின் எரிமலைப் பாறையில் கிடைத்த 300 கோடி ஆண்டுப் பழமையான படிகங்களும் கண்டத்தின் சிதறிய துணுக்குகள்தாம். ஆனால் அவை சிதறியது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய மனிதஇனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அந்நிலத்தில் ஆறு ஓடியிருக்கலாம். அதைக் கண்டு பாடப் புலவர் இல்லை.

கடல்கோள் பொய்யா என்று உள்ளம் கேட்கும். பொய்யன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகியபோது கடல் கரையை மெல்ல மெல்லக் கொண்டது. கடல் நிலம் கொண்டதைப் பாடக் கண்டம் ஒன்று மூழ்க வேண்டியதில்லை. ஓர் ஆறும் ஒரு குன்றும் போதும்.

இழப்புக்கு ஈடாக ஒன்று கிடைத்திருக்கிறது. எல்லாத் தென்னிலங்களையும் மடியில் வைத்திருந்த அப்பெருநிலத்துக்கு, 1885இல் எட்வர்ட் சூஸ் என்னும் அறிஞர் 'கோண்டுவானா நிலம்' எனப் பெயர் சூட்டினார். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயர் அது. கோண்டி, தமிழின் உடன்பிறந்த திராவிட மொழி. நான்கு கண்டங்களின் பள்ளிப் பிள்ளைகள் தத்தம் நிலத்தின் பழம்பெயராகப் படிப்பது ஒரு திராவிட மக்களின் பெயரை. இதைப் பாடிய தமிழ்ப் பாட்டு அரிது.

பாட்டு காத்த தீவு

இவ்வளவும் ஏட்டறிவு என்று ஒதுக்க இயலாதபடி, 2004 திசம்பர் 26ஆம் நாள் காலை, சுமத்ராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு அமிழும் எல்லை 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்தது. கடலடி எழும்ப, நீர் எழுந்தது. இரண்டரை மணி நேரத்திற்குள் அவ்வலை தமிழகக் கரையை அடைந்தது. பல நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரும், தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேரும் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டமே அவற்றுள் பெரும்பங்கைச் சுமந்தது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் அது 2007இல்தான் தொடங்கப்பட்டது.

நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது சிமெலுவே என்னும் தீவு. அலை அங்கே சில நிமிடங்களில் சென்றடைந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர். காரணம் ஒரு சொல். 1907இல் அத்தீவைப் பேரலை தாக்கியது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' எனப் பெயரிட்டு, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர்: நிலம் வலுவாக நடுங்கி, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து, அலையையே பார்த்தறியாத மக்கள், பாட்டி பாடிய பாட்டை நம்பி ஓடினர்.

இலெமூரியா பற்றிய பாட்டும் நிலத்தின் நினைவு. ஸ்மோங் பற்றிய பாட்டும் நிலத்தின் நினைவு. முன்னது இழந்த பெருமைக்கு ஏங்கச் செய்தது; நாகையின் கடற்கரையில் நின்ற பிள்ளைக்கு அது எதையும் சொல்லித் தரவில்லை. பின்னது நிலம் செய்ததை நிலம் செய்தவாறே சொன்னது, உயிர் காத்தது. நெய்தல் என்று ஒரு திணையையே வகுத்த மொழியில், கடல் பின்வாங்கினால் ஓடு என்று சொல்லும் ஒரு தாலாட்டு இல்லாமற் போனது எண்ணிப் பார்க்கத்தக்க குறை. ஹெஸ் தம் கருத்தைக் கவிதை என்று அடக்கத்தோடு அழைத்துச் சோதனைக்கு உட்படுத்தினார். கவிஞரும் தம் நிலப்பாட்டை அவ்வாறு உட்படுத்தினால் கவிதை குறைந்துவிடாது.

நிலத்தைப் பொறுமைக்கு உவமையாக்கிய மரபு பிழைபட்டதும் அன்று. தட்டுகளின் ஓரம் நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தத்தைத் தாங்கி, ஒருநாள் தாங்காது நெகிழ்கிறது. பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை அவ்வுவமைக்குள்ளேயே நிலம் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துப் பாடும் பணி இவ்வட்டத்தின் கவிஞர்க்கு உரியது. அடுத்த பத்தாண்டின் தொகுப்பில், நடக்கும் நிலத்தைப் பற்றிய ஒரு நல்ல தாலாட்டேனும் இடம்பெறுமாக.